ஒரு ஜோடி ஸ்பீக்கரும் சர்வேயர் மாதையனும்

அன்று காலை பஸ் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. திரையில் ‘மாதையன் சர்வேயர்’ என்று பெயர். எடுக்காமல் துண்டித்தேன். காரணம் உண்டு. அவருக்குத் தெரியாமல் ஸ்பீக்கர் வாங்குவதற்காக நான் சேலம் போய்க்கொண்டிருந்தேன். சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து என்று முந்தின நாள்தான் அவரிடம் ஒரு பொய்யைச் சொல்லியிருந்தேன். “போயிட்டு வாங்க சார். கடைப்பக்கம் மட்டும் போயிடாதீங்க” என்றார். மோப்பம் பிடித்துவிட்டார், திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். போன் மறுபடி அடித்தது. எடுத்தால், பேசியது அவர் மனைவி கலாவதி அம்மா.

“சார், எங்கூட்டுக்காரரு போயிட்டாருங்க. காலைல காப்பி குடிச்சிட்டு ஒக்காந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாருங்க.”

கண்டக்டரிடம் சொல்லி இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த தருமபுரி பஸ்ஸில் ஏறினேன். அவர் ஊரான இண்டூர் போய்ச் சேரும்வரை எனக்கு அழுகை வரவில்லை. ‘இன்றைக்கும் வாங்கவிடாமல் செய்துவிட்டாரே மனுஷன்’ என்றுதான் உள்ளே பொருமிக்கொண்டிருந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரூர் அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களில் யாருக்கும் இது புதிதாக இருக்காது.

நான் அங்கே வரைபடம் போடுகிறவன், அவர் நிலம் அளக்கிறவர். தினமும் தருமபுரியிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். ஓய்வு பெற்றதும், வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகப் பாட்டுக் கேட்க வேண்டும் என்பது என் ஒரே ஆசை. ஆம்ப்ளிஃபயரை மகள் வாங்கிக் கொடுத்துவிட்டாள். அதற்கு ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர், புத்தக அலமாரி ஸ்பீக்கர் என்று கடையில் சொல்வார்களே, அது மட்டும்தான் பாக்கி. ஒரு மதிய நேரத்து வேலை. அதை மாதையனிடம் வாய் தவறிச் சொன்னேன். மூன்று வருஷம் போயிற்று.

“வாங்கறது அப்புறங்க சார். மொதல்ல வூட்டப் பாக்கணும்” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்போடு வந்துவிட்டார். ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினார். சுவரெல்லாம் எதிரொலித்தது. “கேட்டீங்களா? கீழ டைல்ஸு, சுத்தியும் வெறுஞ்செவுரு. இதுல எத்தனை ஒசந்த ஸ்பீக்கர் வெச்சாலும் பாத்ரூம்ல பாடற மாதிரிதான் இருக்கும்.” ஜமுக்காளத்தைச் சுவரில் தொங்கவிடச் சொன்னார். உள்ளறையிலிருந்த பஞ்சுமெத்தையை இழுத்து வந்து மூலையில் சாத்தினார். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். “சார், ஒரம்பரைங்க வந்தா எங்க ஒக்கார வெக்கறது?” என்றாள். “பாட்டு முடிஞ்சதும் வரச் சொல்லுங்கம்மா” என்றார் அவர், சிரிக்காமல்.

பொறுமை இழந்து நானாக ஒரு ஜோடி வாங்கியதும் உண்டு. டிவிக்கு இரண்டு பக்கமும் சுவரோடு கட்டிய சிமெண்ட் அலமாரியில், பொம்மைகளுக்கு நடுவே அவற்றைச் செருகி வைத்தேன். நம் வீடுகளில் அழகான பொருள் எதுவானாலும் அங்கேதானே போகும். மாதையன் வந்து இரண்டு நிமிடம் கேட்டார். “ப்ச். ஆளு குடத்துக்குள்ள தலைய உட்டுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்குதுங்களே” என்றார். அலமாரி ஸ்பீக்கர் என்றுதானே பெயர் என்று எரிந்து விழுந்தேன். “பேருக்குத்தாங்க அது. செவுத்த விட்டு முன்னால வரணும், காது ஒசரத்துல நிக்கணும்” என்று சொல்லி, அவரே பெட்டியில் அடுக்கி, என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கடையில் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் முன்னால் நான் பள்ளிக்கூடத்தில் திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றேன்.

அன்றைக்கே ஹாலை அளந்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில் எவ்வளவு தூரமோ, அதே தூரம் ஒவ்வொன்றிலிருந்தும் என் நாற்காலிக்கு இருக்க வேண்டுமாம். சாக்பீஸால் மூன்று இடத்தில் குறி போட்டார். மறுநாள் என் மனைவி துடைத்துவிட்டாள். அடுத்த வாரம் வந்து மஞ்சள் பெயிண்டால் போட்டுவிட்டார். “சர்வே கல்லு நட்டாச்சுங்க. இனி யாரும் அசைக்க முடியாது” என்றார். அவளுக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அவர் வேலையும் அப்படித்தான், உங்களுக்கே தெரியும். ஒருமுறை வரப்புத் தகராறு ஒன்றை அளக்கப் போனவர், அளவு விரல்கடை தள்ளி வருகிறது என்று சாயங்காலம் வரை மூன்று தடவை அளந்தார். இரண்டு பக்கத்தாரும் நொந்துபோய், “நாங்களே பேசி முடிச்சுக்கறங்க, நீங்க பொறப்படுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்கள். அந்த ஊரில் அதற்கப்புறம் வரப்புச் சண்டையே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்.

ஆனால் கடையில்தான் என்னை உயிரோடு கொன்றார். மற்றவர்கள் பாட்டைப் போட்டு ஸ்பீக்கர் பார்ப்பார்கள். இவர் ஒரு பென்டிரைவ் கொண்டுவருவார். அதில் பாட்டில்லை. எங்கள் அலுவலகத் தாழ்வாரத்தில் டீ நேரத்தில் அவர் பதிந்த பேச்சு. நான் பேசுவேன், டீ கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்கும், நடுவில் அவர் தன் வீட்டுக் காப்பியைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வார். “எங்கூட்டுக் காப்பி சுடுதண்ணிங்க சார். எனக்குப் போடத் தெரியும், அடுப்புக்கிட்டயே உடமாட்டேங்கறா.” இதைச் சேலத்தில் எத்தனை கடையில் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கடைப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

“பாட்ட வெச்சு வாங்காதீங்க சார்” என்பார். “அந்தப் பாடகரு பேசி நீங்க நேர்ல கேட்டிருக்கீங்களா? தெரிஞ்ச ஆளு கொரல வையுங்க. கண்ண மூடுனா ரெண்டு பொட்டிக்கும் நடுவுல, ஒண்ணுமே இல்லாத எடத்துல, அந்த ஆளு வந்து நிக்கணும்.” என் குரலைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். “இது நீங்க இல்லீங்க. இன்னும் ஒரு கடை பாக்கலாம்.” ஒருநாள் பொறுக்க முடியாமல், “உங்க குரலை வெச்சே முடிவு பண்ணுங்களேன், என் குரலை ஏன் போட்டு வதைக்கறீங்க?” என்று கத்தினேன். “என் கொரலு வெளிய எப்பிடி இருக்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அத நீங்கதான் சொல்லணும்” என்றார். அந்தக் கோபத்தில் அவர் குரலைக் கவனிக்க எனக்கு ஏது மனசு? டீக்கடைக்குப் போய்விட்டேன்.

பதினாறாம் நாள் படத்திறப்புக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அந்தப் பந்தலில் வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டிகளின் இரைச்சல் உங்களுக்கும் நினைவிருக்கும். அதிலே ஒவ்வொருவராக வந்து, மாதையன் அதிர்ந்து பேசாதவர், யார் மனதையும் நோகடிக்காதவர், பொறுமையின் சிகரம் என்றெல்லாம் சொன்னார்கள். என்ன அநியாயம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் முறை வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். மைக்கைப் பிடித்ததும் நானும், “மிகவும் பொறுமைசாலி” என்றே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்றிரவு சோறு இறங்கவில்லை. பதினாறு நாளில் அந்த ஆளை வேறு யாரோவாக ஆக்கிவிட்டோம், அதில் நானும் கூட்டு. இப்படியே விட்டால் இன்னும் ஒரு வருஷத்தில் அவர் எப்படிப் பேசுவார் என்பதே எனக்கு மறந்துபோகும் என்று பயமாக இருந்தது.

அடுத்த வாரம் இண்டூர் போய்க் கலாவதி அம்மாவிடம் அந்தப் பென்டிரைவைக் கேட்டேன். எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“இதுல அவரு பேசறாருங்களா சார்?”

“பேசறாரும்மா.”

“என்னயப் பத்தி ஏதாச்சும் இருக்குதா?”

“கொஞ்சம் இருக்குது.”

“ஸ்பீக்கர் வாங்குனதும் சொல்லுங்க. நானும் வந்து கேக்கறேன்” என்று கொடுத்தார். அந்தக் காப்பிப் பேச்சும் அதில்தான் இருந்தது. கடைசியாக அவர் குடித்தது அந்த அம்மா போட்ட காப்பி.

சேலத்துக் கடையில் தனியாக உட்கார்ந்தேன். முதன்முறையாக என் குரலை விட்டுவிட்டு அவருடையதைக் கவனித்தேன். முதலில் உயர்ந்த விலையில் ஒரு ஜோடியைப் போட்டார்கள். மாதையன் கனமாக, இனிமையாக, நிறுத்தி நிதானமாகப் பேசினார். படத்திறப்பில் புகழ்ந்தார்களே, அந்த மாதையன். கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. வேண்டாம் என்றேன். மூன்றாவதாக ஒரு சாதாரண ஜோடி. மூக்கால் இழுக்கிற அந்தக் குரல், பேச ஆரம்பிக்குமுன் நாக்கைத் தட்டுகிற அந்த ‘ப்ச்’, என்னைப் பேசவிடாமல் குறுக்கே விழுகிற அந்த அவசரம், எல்லாம் வந்தது. “அதில்லீங்க சார், நான் சொல்றத முழுசாக் கேளுங்க” என்றார். எனக்குச் சுரீர் என்று கோபம் ஏறியது. மூன்று வருஷமாக ஏறிய அதே கோபம். அதையே கட்டச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கலாவதி அம்மா வந்தார். மஞ்சள் குறிகளில் ஸ்பீக்கர் ஏற்றிய இரண்டு ஸ்டாண்டும் நின்றன. மூன்றாவது குறியில் போட்ட என் நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். காப்பிப் பேச்சு வருவதற்குள் நிறுத்திவிடலாம் என்று பக்கத்திலேயே நின்றேன். கை போகவில்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஜமுக்காளத்துக்கு முன்னாலிருந்த வெறும் இடத்திலிருந்து அவர் பேசினார். “எங்கூட்டுக் காப்பி சுடுதண்ணிங்க சார். எனக்குப் போடத் தெரியும், அடுப்புக்கிட்டயே உடமாட்டேங்கறா.”

கலாவதி அம்மா பெட்டிகளைப் பார்க்கவில்லை. அந்த நடு இடத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“ஆமா, போட்டுக் கிழிச்சாரு.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவி ஓடி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கர் சரிதான் மாதையன் சார், இன்னொரு கடை பார்க்க வேண்டாம். என்னிடம் இருப்பது அந்த எட்டு நிமிடப் பேச்சும், தரையில் மூன்று மஞ்சள் குறியும், கேட்கும்போதெல்லாம் வருகிற கோபமும். குறிகளைச் சுரண்டி எடுத்துவிடலாமா என்று நேற்று மனைவியிடம் கேட்டேன். தொடக்கூடாது என்றாள்.