பன்னிரண்டு நாள் சிலிண்டர்

என் அக்காவின் கணவரை ஆக்ஸிஜன் ஆலையில் எல்லோரும் ‘நொட்டையார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக அங்கே சிலிண்டர் நிரப்புகிறார். அழுத்தம் காட்டும் முள் ஒரு கோடு குறைந்தாலும் வண்டியில் ஏற்ற விடமாட்டார். அந்தக் குணத்தைச் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருக்கலாம், மாட்டார். ஞாயிறு மாலை விண்வெளித் தொடர் ஓடும்போது அவர் பக்கத்தில் உட்காருவது பெரிய தண்டனை. காற்றே இல்லாத இடத்தில் வெடிச்சத்தம் எப்படிக் கேட்கும் என்பார். கலம் தலைகீழாகப் புரண்டும் மேசைமேல் இருக்கிற கோப்பை ஏன் விழவில்லை என்பார். அக்கா மட்டும் சிரிப்பாள். அவர் நொட்டை சொல்வதைக் கேட்கத்தான் அவள் அந்தத் தொடரையே பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

அக்காவின் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக மூக்கில் குழாய். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் போதுமாக இருக்கும்வரை காரில் வெளியூர் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியூரில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். “நான் வந்துடுவேன்டி, பயப்படாத” என்று தினமும் போனில் சொல்வாள்.

இரண்டு போதவில்லை. மூன்றானது, நான்கானது, ஐந்தானது. கூட்டி வைக்க வைக்க அவளுக்கு மூச்சு பழையபடியே இருந்தது. அதனால் அளவு ஏறியது அவளுக்குத் தெரியவில்லை; மாமாவும் வாயைத் திறக்கவில்லை. இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சாக்குச் சொல்லி சிலிண்டரைப் பக்கத்து அறைக்கு மாற்றினார். சுவரில் துளை போட்டுக் குழாயை மட்டும் இழுத்துவிட்டார். லிட்டர் காட்டும் மீட்டர் அவள் கண்ணில் படவே இல்லை.

முன்பு இரண்டரை நாளுக்கு ஒன்று தீர்ந்த சிலிண்டர் இப்போது தினம் ஒன்று தீர்ந்தது. ஏன் என்று கேட்டாள். “இப்பல்லாம் பாதிதான் நிரப்பி விடுறாங்க” என்றார். சிலிண்டரை உருட்டி வந்து மாட்டியவன் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொடரில் விண்கலம் உடைந்தது. ஐந்து பேர், ஒரே சிலிண்டர், பன்னிரண்டு நாள். கடைசியில் ஐந்து பேரும் உயிரோடு இறங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“பன்னெண்டு நாளா? நல்லா காதுல பூ சுத்துறாங்க! நம்ம சிலிண்டர் சைஸ்தான் அது. ஒரே ஆளுக்கு ரெண்டு லிட்டர் விட்டாலே ரெண்டரை நாளைக்கு மேல வராது. இதுல அஞ்சு பேராம்!”

“அவங்க நல்லா நிறைச்சு அனுப்பியிருப்பாங்க” என்று அக்கா தொடருக்காகப் பரிந்து பேசினாள். “உங்க ஆலை மாதிரி பாதி பாதியா விடுவாங்களா?”

“எங்க ஆலையா? பாதியா? முப்பது வருஷத்துல ஒரு சிலிண்டர் குறைஞ்சு வெளிய போனதில்ல. ஒவ்வொண்ணும் நான் பாத்து விடுறது!”

தவளை தன் வாயால் கெட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் சட்டென்று டிவி சத்தத்தைக் கூட்டினேன். அக்கா கையைக் காட்டிக் குறைக்கச் சொன்னாள். அவரோடு இத்தனை வருடம் வாழ்ந்தவளுக்கு லிட்டர் கணக்கு அத்துப்படி.

“அப்ப நம்ம வீட்டுல எப்படி ஒரே நாள்ல தீருது?”

மாமா எழுந்து பக்கத்து அறைப் பக்கம் நகரப் பார்த்தார்.

“எத்தனையில வச்சிருக்கீங்க?”

“அஞ்சு.”

“எப்பலேருந்து?”

“மூணு வாரமா.”

அக்கா என்னிடமிருந்து ரிமோட்டை வாங்கி டிவியை அணைத்தாள். பிறகு, “அவங்க பன்னெண்டு நாள் இருந்துட்டுப் போனா உங்களுக்கு என்னங்க?” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “விட்டிருக்கலாம்ல.”

எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. பொய் சொன்னதற்காக இல்லை, அதைக் கடைசிவரை கட்டிக் காக்கத் துப்பில்லாமல் போனதற்காக.

அக்கா மகளின் எண்ணை அழுத்தி, போனை அவரிடம் நீட்டினாள்.

“அம்மா வரலன்னு நீங்களே சொல்லிடுங்க. சொல்லிட்டு அழுறதுக்கு எனக்கு மூச்சு பத்தாது.”