வலை போடாத இடங்கள்

கடல் நிர்வாகம் பற்றிப் பயிற்சி கொடுக்கிற தொழிலில் கடல் ஒன்றுதான் நம்மைத் தொந்தரவு செய்யாது. பாக்கி எல்லாம் செய்யும். திருவனந்தபுரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் நான் ஒருங்கிணைப்பாளர். வளரும் நாடுகளிலிருந்து மீன்வளம், துறைமுகம் என்று பல துறை அதிகாரிகள் உதவித்தொகையில் வந்து எட்டு வாரம் படிப்பார்கள். விசா, சாப்பாடு, புரொஜெக்டர், சொல்லாமல் லீவு போடும் விரிவுரையாளர், எல்லாம் என் தலையில். எதையாவது நடத்தி மாட்டிக்கொண்ட சகபாவிகளே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஓடுபாதையில் மீன்

முதல் நாள் ஒவ்வொருவரும் தங்கள் மேசையில் நகராமல் கிடக்கும் ஒரு ஃபைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது நான் கொண்டுவந்த வழக்கம். சுயபுராணம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போச்சு, அதனால்தான். போன தடவை பசிபிக் தீவு ஒன்றின் மீன்வள அதிகாரி, மெரே என்ற பெண், எழுந்து ஒரு வரைபடத்தை விரித்தார். மீன் குறைந்து வருகிறது. சில இடங்களைக் கொஞ்ச காலம் மீன்பிடிக்கு மூடிவைக்க வேண்டும். எங்கே மீன் கிடைக்கிறது என்று மீனவர்களைக் கேட்டுப் புள்ளி வைத்திருக்கிறார். பாதிப் புள்ளி முழங்கால் தண்ணீரில். ஒன்று விமான ஓடுபாதை மேலேயே.

உருப்படியான திட்டத்தோடு ஊர் திரும்பாவிட்டால் அமைச்சகம் வெளிநாட்டு ஆலோசகர்களிடம் வேலையைக் கொடுத்துவிடும். அவர்கள் ஏ.சி. அறையில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழிப்பார்கள். ஊர்க்காரன் பிழைப்பு போகும். சிரித்துக்கொண்டிருந்த வகுப்பு அடங்கிவிட்டது. மெரே வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த ஓடுபாதைப் புள்ளியைக் காட்டியவர் என் அப்பா."

வேஷம் போட்டதும் வந்த பொய்

மூன்றாம் வாரம் பேச்சுவார்த்தைப் பயிற்சி. ஆளுக்கொரு வேஷம். மெரேவுக்கு மீன்பிடிக் கம்பெனி முதலாளி வேஷம் விழுந்தது. அரசாங்கமாக வந்தவர் கானா நாட்டுத் துறைமுக அதிகாரி க்வாமே. ஆள் ஆஜானுபாகு, நேரம் என்ன என்று கேட்டாலே சம்மன் கொடுத்த மாதிரி இருக்கும். "உங்கள் கப்பல்கள் எங்கே மீன் பிடிக்கின்றன?" என்றார்.

மெரே சட்டென்று சுவர் வரைபடத்தில் ஒரு இடத்தைத் தொட்டார். நாங்கள் அவருக்கு எழுதிக்கொடுத்த தாளில் அந்த இடமே கிடையாது. பொய் சொல்லுங்கள் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. வகுப்பு முடிந்ததும் என் அறைக்கு வந்து, கேட்காமலே தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுச் சொன்னார்: "பொய்ப் புள்ளி காட்டினார் என்று மூன்று மாதமாக அப்பாவோடு பேசவில்லை. இன்றைக்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது."

டீக்கு அரை மணி நேரம்

ஐந்தாம் வாரம் எல்லோரையும் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைக்குக் கூட்டிப்போனேன். டைம்டேபிளில் டீக்கு அரை மணி நேரம். கடைக்குப் பக்கத்தில் சிலுவதாசன் அண்ணன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். குளச்சல்காரர், விழிஞ்ஞத்தில் பெண் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். க்வாமே கள ஆய்வுப் படிவத்தை எடுத்து, எங்கே மீன் பிடிக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "கடல்லதான் சாரே" என்று பதில் வந்தது. க்வாமே அதையும் படிவத்தில் எழுதிக்கொண்டார், பாத்துக்கிடுங்க.

மெரே தன் கதையைச் சொன்னார்; நான் தமிழில் சொன்னேன். ஓடுபாதை வந்ததும் அண்ணன், "உங்க அப்பன் கொள்ளாமே" என்று மெச்சிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு வலையைக் கீழே வைத்தார். கடலில் நின்று, கிழக்கே ஒரு மலையையும் கரையில் தேவாலயக் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து மீன் இருக்கும் இடத்தைப் பிடிப்பது அவர் வழக்கமாம். அப்படிப் பிடித்த இடத்தைச் சொந்த மச்சானுக்குக்கூடச் சொன்னதில்லையாம். பிறகு மெரேயைப் பார்த்துச் சொன்னார்: "மீன் கெடைக்குத எடத்தைக் கேட்டா எவனும் உள்ளதைச் சொல்லமாட்டான் மக்களே. எங்க வலை போடமாட்டீங்கன்னு கேளு. பாறை கெடந்து வலை கீறுத எடம், குஞ்சு மீன் வளருத எடம்... அதைச் சொன்னா யாருக்கும் ஒண்ணும் போவாதுல்லா."

அப்பாவின் குரல்

மறுநாள் மதியம் என் அறையிலிருந்து மெரே அப்பாவைக் கூப்பிட்டார். அங்கே பொழுது சாய்ந்திருந்தது. முதலில் மழை, வீட்டு நாய், அப்படியே இழுத்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. கேளுங்கள் என்று ஜாடை காட்டினேன். எங்கே வலை போடமாட்டீர்கள் என்று கேட்டார். பிறகு அந்தப் பக்கத்துக் குரல் நிற்கவே இல்லை, மெரேயின் பென்சிலும் நிற்கவில்லை. குஞ்சு மீன் வளரும் இடங்கள் வரிசையாக வந்தன. அவற்றை மூடினால் ஊரில் ஒருவருக்கும் நஷ்டமில்லை. வெளியிலிருந்து வரும் பெரிய படகுகளும் உள்ளே நுழைய முடியாது. பிற்பகல் வகுப்பை ரத்து செய்துவிட்டேன். மேலதிகாரி கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் அப்பா இன்னும் ஒன்று சொன்னார். மெரே பென்சிலை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாய்மீன்கள் முட்டையிடக் கூடும் இடம் ஒன்று உண்டாம், அப்பா ஒருவர் மட்டும் வலை போடுகிற இடம். அதைச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதை மெரே எனக்கு அப்படியே மொழிபெயர்த்தார்: "அதையும் மூடிவிடு மகளே. சொன்னது நான் என்று மட்டும் எழுதாதே."

மெரே ஊர் திரும்பியதும் அவர் திட்டத்தை ஊர்க்கூட்டம் ஒப்புக்கொண்டது; ஆலோசகர்கள் வேண்டாம் என்று அமைச்சகமும் சொல்லிவிட்டது. ஆனால் எட்டு வாரப் பயிற்சியில் அவருக்குப் பயன்பட்டது டீ குடித்த அரை மணி நேரம்தான் என்று அறிக்கையில் எழுத முடியுமா? 'கள ஆய்வு திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.