'இருக்க வேண்டாம்' என்று சொன்னேன்

சேந்தமங்கலத்திலிருந்து தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே கொல்லிமலை ஏறியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வெள்ளைக்காரர் ஆட்சி. மலைமேல் அரியூர் நாடு என்ற பகுதியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா ஓலைக்கொட்டகை போட்டுக் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்தார். நான் கம்பவுண்டர், அவர் பேச்சைத் தமிழில் சொல்வதும் நானே. எட்டாவது வரை படித்த இங்கிலீஷ். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தச் சர்க்கரை நான்தான்.

வேலை சுலபம், தனிமைதான் கொன்றது. மலைக்காரர்கள் 'தொரசானி ஆளு' என்று என்னிடம் எட்டவே நின்றார்கள். டாக்டரம்மா வேலையைத் தவிர வேறு பேசமாட்டார். பொழுது போகாமல் இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு 'மஸ்ட்', 'மே', 'நீட்' என்று சுவரோடு பேசுவேன். அர்த்தமெல்லாம் மனப்பாடம். அதனால் தைரியமும் அதிகம்.

ஒருநாள் வளப்பூர் நாட்டிலிருந்து சடையன் என்ற விவசாயியைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். காய்ச்சலில் நினைவே இல்லை. கூட வந்த மனைவி வெள்ளையம்மா இரண்டு நாள் சோறு தண்ணியில்லாமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா பரிதாபப்பட்டு என்னிடம் சொன்னார்: "ஷி நீட் நாட் ஸ்டே."

நான் உடனே, "ஏனுங்கம்மா, நீங்க இங்க இருக்க வேண்டாமுங்களாம்" என்றேன்.

"இருக்க வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க."

புருஷனின் காலைத் தொட்டுப் பார்த்தார். கம்பளியை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சடையனுக்கு நினைவு வந்தது. "எங்கூட்டுக்காரி எங்கீங்க?" என்று கேட்டார்.

"ஊட்டுக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க" என்றேன்.

வரவில்லை. அடுத்த நாளும் கேட்டார். டாக்டரம்மாவுக்கே கோபம் வந்தது. என்ன கல்நெஞ்சு இந்தப் பெண்ணுக்கு என்று இங்கிலீஷில் முணுமுணுத்தார். நானும் தலையாட்டினேன். மூன்றாம் நாள் காலையில் சடையன் இறந்துபோனார். அப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

சேதி சொல்ல வளப்பூருக்குக் கிளம்பினேன். இரண்டு வயல்கூடத் தாண்டவில்லை, ஒரு பலாமரத்தடியில் வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் களிச்சட்டி. மூன்று நாளும் விடிந்ததும் வந்து, பொழுது சாயும்வரை கொட்டகையையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"சாமி, இன்னைக்காச்சும் நான் வரலாமுங்களா?"

அங்கேதான் எனக்கு இலக்கணம் புரிந்தது. 'நீட் நாட்' என்றால் கட்டாயமில்லை. இருந்தாலும் சரி, போனாலும் சரி. 'மஸ்ட் நாட்' என்றால்தான் கூடாது. நம்முடைய 'வேண்டாம்' இரண்டுக்கும் பொது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் யோசனை. துரைசானி சொன்னதாக வந்தால் உத்தரவு. "ஊட்டுக்குப் போய்ப் படுத்து எந்திரிச்சு, எப்ப வேணுமோ வாங்க" என்று நான் நீட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இந்த வேலைக்கு வரும் தம்பிகளே, சொல்லுக்குச் சொல் தேடாதீர்கள். அதைக் கேட்டுவிட்டு எதிரில் நிற்பவர் என்ன செய்வார் என்று பாருங்கள்.

வெள்ளையம்மாவிடம் என் தப்பைச் சொல்லி அழுதேன். டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து நான் மலையிறங்கும் வரைக்கும் அவர் அந்தப் பெண்ணைக் கல்நெஞ்சுக்காரி என்றே நம்பினார். நடந்ததைச் சொல்லும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வந்தது.