வாசித்த முகமும் பார்த்த முகமும்

நாவலைப் படமாக எடுத்தால் எனக்குப் பிடிக்காது. பார்க்காமலும் இருக்கமாட்டேன். டீவிக்கு முன்னால் குந்திக்கொண்டு, "புத்தகத்தில இப்பிடி இல்ல! இந்தப் பாட்டு எங்க இருந்து வந்த?" என்று கத்திக்கொண்டே இருப்பேன். கற்பிட்டியில் வாழ்க்கைப்பட்ட என் ராத்தாவுக்கு, அதாவது மூத்த சகோதரிக்கு, அது ஒரு வேடிக்கை. "வாய மூடிட்டுப் பாரு புள்ள. நீ ஒரு கிழமையா வாசிக்கிறத அவங்க ரெண்டு மணித்தியாலத்தில காட்டுறாங்க" என்பாள். புத்தகம் என்றாலே அவளுக்குக் கொட்டாவி வரும்.

யுத்தம் முடிந்து, கடலுக்குப் பயமில்லாமல் போய்வரத் தொடங்கிய காலத்தில்தான் அவளுடைய கணவர், என் மச்சான், படகு கவிழ்ந்து போய்ச்சேர்ந்தார். என்ன அநியாயம்! மய்யித்து, அவருடைய உடல், கரைக்கு வந்தது. சட்டையும் அதற்குள் இருந்த அடையாள அட்டையும் வரவில்லை. மச்சானுடைய ஒரே படம் அந்த அட்டையில் இருந்ததுதான். கல்யாணத்தன்றுகூட மனிதர் கெமராவுக்கு முன்னால் நிற்கவில்லை.

ராத்தா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டைவிட்டு வெளிக்கிடாமல் இருக்க வேண்டும். துணைக்கு நான் என் ஊரான தில்லையடியிலிருந்து போய்த் தங்கினேன். துக்க வீடு என்று டீவிக்கு மேல் துணி போட்டிருந்தார்கள். பகல் சோறு தின்ற பிறகு பொழுது அசையவே அசையாது. ஒருநாள் என் பையில் கிடந்த நாவலைச் சத்தமாக வாசித்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மலைநாட்டு ரயில் நிலையம் ஒன்றில் கொடி காட்டுகிறவனுடைய கதை. பனியும் தூறலுமாகப் போகும். எங்கள் ஜன்னலுக்கு வெளியே வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மோட்டர் உறுமும், உப்புக் காற்று பக்கங்களைப் புரட்டும். வாசிக்கிறேனா, கனவு காண்கிறேனா என்று எனக்கே தெரியாது. அந்த ரயில் மலையைவிட்டு இறங்கிக் எங்கள் கடலேரியான களப்போரமாக மெல்லப் போவதுபோல இருக்கும். பாயில் கண்ணை மூடிக் கிடக்கும் ராத்தா திடீரென்று பேசுவாள்.

"அவருக்கு முன்பல்லு ஒண்டு உடஞ்சிருக்கும்."

"அப்பிடி எழுதயில்ல ராத்தா. நெட்டையான ஆள் எண்டு மட்டும்தான் போட்டிருக்கு."

"எழுதாட்டி என்ன? உடஞ்சுதான் இருக்கும். நீ வாசி."

உடைந்த பல் மச்சானுடையது. அன்றிலிருந்து கொடிக்காரன் வரும் இடங்களை மெதுவாக வாசித்தேன். அவன் தேத்தண்ணி குடித்தால் ராத்தா புன்னகைப்பாள். மழையில் நனைந்தால், "தலையத் துவட்டச் சொல்லு" என்பாள்.

இத்தா முடிந்த கிழமை, பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்த நாவலைப் படமாக எடுத்த டீவிடியைக் கொண்டுவந்தார்கள். ராத்தாவின் மனம் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான். நல்ல மனசு அவர்களுக்கு. நானும் குறை பிடிக்கத் தயாராகக் குந்திக்கொண்டேன். அல்லாஹ்வே, ஒரு வரி மாற்றாமல் எடுத்திருந்தார்கள்! அதே நிலையம், அதே பனி, அவன் குந்தியிருக்கும் அதே மர வாங்கு. என் வாழ்நாளில் முதல்முறையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பனிக்குள்ளிருந்து கொடியோடு நெட்டையாக ஒரு நடிகன் வந்தான். நல்ல வடிவு. வரிசைப் பற்கள் தெரியச் சிரித்தான்.

ராத்தா முக்காட்டை இழுத்து முகத்தை மூடினாள்.

"நிப்பாட்டு."

"ஏன் ராத்தா? புத்தகத்தில இருக்கிற மாதிரியேதானே இருக்கு?"

"ஓம், இருக்கும். இந்த முகத்தப் பாத்தா உன்ட மச்சான்ட முகம் போயிரும். எனக்கிட்ட வேற படமா இருக்கு?"

நான் டீவியை அணைத்தேன். வந்தவர்கள் டீவிடியை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். ராத்தா பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "வாசி" என்றாள். கொடிக்காரன் வரும் பக்கத்தை எடுத்து வாசித்தேன். முடிந்ததும் அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அந்த நடிகன்தான் வாறான். இன்னொருக்கா வாசி."

பள்ளியில் பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும்வரை அந்த ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.