பெரியப்பாவுக்குப் போட்ட வாய்ப்பூட்டு

எங்கள் பெரியப்பா ஐந்து மொழியில் திட்டுவார். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். பெண்ணாடத்துச் சர்க்கரையையும் பண்ருட்டிப் பலாப்பழத்தையும் ஏற்றிக்கொண்டு ஆயுளில் பாதியை லாரியில் கழித்தவர். தெலுங்கு, கன்னடம், மராத்தி, இந்தி எல்லாம் சோதனைச் சாவடிகளிலும் பஞ்சர் கடைகளிலும் அவரிடம் வந்து ஒட்டிக்கொண்டவை. தமிழைத் தவிர எதிலும் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. சண்டை என்று வந்துவிட்டால் அதெல்லாம் ஒரு குறையாகவே தெரியாது.

வண்டியை விட்டபின், பெரியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால், கடலூர் முதுநகரில் எங்களோடு இருந்தார். சாயங்காலம் ஆனால் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார். நெல்லூரில் ஒரு கூட்டாளி, ஹூப்ளியில் ஒருவர், நாக்பூரில் ஒருவர். எல்லாரும் ஸ்டியரிங்கை விட்ட கிழவர்கள். யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் வீட்டு மருமகள் சோறு போடவில்லை என்று தெருவே கேட்க விசாரணை நடக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அர்த்தம் தெரியாத கெட்ட வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பேன்.

நான் நாலாவது படிக்கும்போது அவர் பேச்சு கலங்கத் தொடங்கியது. அம்மாவிடம் தண்ணீர் கேட்க 'பானி' என்பார். உப்புக்குத் தெலுங்குச் சொல் வரும், தமிழ் வராது. ஒருநாள் மீன் வாங்கக் கிளம்பியவர் துறைமுகத்தில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டார். தெரிந்தவர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். வீடு பயந்துபோனது. அந்தப் பயம் நியாயம்தான். அதற்கப்புறம் அவர்கள் செய்ததுதான் அநியாயம்.

என் மாமா, அம்மாவின் தம்பி, மெடிக்கல் ரெப். மருந்துப் பை தோளில் தொங்கியதாலேயே எங்கள் வீட்டுக்கு அவர் பாதி டாக்டர். பெரியப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: "மச்சான், ஒரே மண்டையில அஞ்சு பாஷ இருந்தா குழம்பத்தான் செய்யும். லோடு ஜாஸ்தி. நாலை எறக்கி வெச்சுட்டா ஒண்ணாவது ஒழுங்கா ஓடும்."

லாரிக்காரர் வீட்டில் இந்த உதாரணம் எடுபடாமல் போகுமா? அன்றே அப்பா செல்போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். தமிழில் கேட்டால்தான் எதுவும் கொடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு உத்தரவு.

பெரியப்பா பீரோக் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "தமிழ் மட்டுந்தான் பேசணும்னா எனக்கு அதுவும் வேணாம். போங்கடா," என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

தண்ணீர் கேட்க மாட்டார். எழுந்து போய்க் குழாயில் பிடித்துக் குடிப்பார். மாமா வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காருவார். எனக்கு அது பிரமாதமாக இருந்தது. நானும் பெரியப்பா கட்சி என்று வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்து பார்த்தேன், பசி காலை வாரிவிட்டது. அவரை எதுவும் அசைக்கவில்லை. ஆனால் வாரங்கள் போகப் போகச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். சாப்பிட்டு முடித்ததை மறந்து மறுபடி தட்டின் முன் உட்கார்ந்தார். ஓட்டாமல் நிறுத்திய வண்டி துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? மாமாவோ நோய் முற்றுகிறது என்று உச்சுக் கொட்டினார். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. பூட்டியதும் இவர்கள், பழி நோயின் மேல்!

கடைசியில் சிதம்பரத்தில் தலைக்கு ஸ்கேன் எடுத்து ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். பள்ளி விடுமுறை, நானும் போனேன். இன்று என்ன கிழமை, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்கக் கேட்கப் பெரியப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா முந்திக்கொண்டு போனைப் பூட்டிய கதையைச் சொன்னார், பாராட்டு கிடைக்கும் என்ற முகத்தோடு. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"போன் எங்க? அவர்ட்ட குடுங்க."

வழியில் தேவைப்படும் என்று அப்பா அதைச் சட்டைப்பையில் போட்டு வந்திருந்தார். கைக்கு வந்ததும் பெரியப்பா நெல்லூர்க்காரரைப் பிடித்தார். முதலில் வார்த்தைகள் முட்டி முட்டி நின்றன. அப்புறம் வண்டி மேடு ஏறிவிட்டது. தெலுங்கில் தொடங்கி, கோபம் ஏற ஏற இந்திக்குத் தாவி, மாமாவைக் கையால் காட்டிக் காட்டி முழங்கினார். எனக்கு மனப்பாடமான வார்த்தைகள் வந்தபோது நான் சிரித்துவிட்டேன். அப்பா என் வாயைப் பொத்தினார். டாக்டரம்மா ஸ்கேன் படத்தையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் படத்த மட்டும் பாத்திருந்தா, இவரு யாரையும் அடையாளம் தெரியாம படுத்துக் கெடப்பாருன்னுதான் சொல்லியிருப்பேன். மூளை அவ்ளோ சுருங்கியிருக்கு. இத்தன பாஷய மாத்தி மாத்திப் பேசினதுதான் இதுவரைக்கும் தாங்கிப் புடிச்சிருக்கும்போல. நோய் நிக்காதுங்க. ஆனா அவரு வாயக் கட்டாதீங்க."

மாமா மருந்துப் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார். பெரியப்பா எழுந்து அவர் எதிரில் போய் நின்றார்.

"லோடு ஜாஸ்தியா? எறக்க வேண்டிய எடம் வந்தா நானே எறக்கிக்கிறேன். அதுவரைக்கும் நீ கைய வெக்காத."

எத்தனை வாரம் கழித்துக் கேட்ட தமிழ்! எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

பிறகு மேலவீதிப் பக்கம் ஓர் ஓட்டலில் எல்லாரும் இட்லியும் கொத்சும் சாப்பிட உட்கார்ந்தோம். செல்போன் பெரியப்பாவின் பையிலேயே இருந்தது. எனக்கு வடை வேண்டுமா என்று கேட்க என்னைக் கூப்பிட வாயெடுத்தார். எனக்குப் பெயர் வைத்ததே அவர்தான். வாய் திறந்தபடி நின்றது, பெயர் வரவில்லை. கண் மட்டும் என் முகத்தை விடவில்லை. அப்புறம் தெலுங்கில் "அம்மாயி" என்றார். இந்தியில் "பேட்டி" என்றார். கன்னடத்தில் "மகு" என்றார். எல்லாமே பெண்ணே, குழந்தாய் என்பதுதான். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. "வட துன்றியா?"

ஜெயித்த சந்தோஷத்தில் கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். என் வகுப்பில் வேறு யாருக்கு இத்தனை பெயர்? துணிந்து இரண்டு வடை கேட்டேன். அப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொத்சில் காரம் ஜாஸ்தி போலிருக்கிறது என்று, என் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.