அக்கா முகத்துக்கு ஒரு லென்ஸ்

ஊர்ப் பெயரைப் பெங்களூரு என்று மாற்றப்போவதாகச் சொன்ன வருடம் இது. நான் சொல்ல, பேத்தி கம்ப்யூட்டரில் தட்டுகிறாள்.

நாளை குடும்பத்தோடு தீம் பார்க். இன்று கேமரா லென்ஸ் வாடகைக்கு எடுக்கப் போனோம்.

மகன், ராட்டினத்தோடு எல்லாரும் படத்தில் விழும் அகல லென்ஸைப் பிடித்துக்கொண்டான். ஒரு முகத்தை மட்டும் பெரிதாக எடுக்கும் லென்ஸைக் கேட்டேன் நான்.

“ஒண்ணுதான்ப்பா எடுக்க முடியும். சும்னே கலாட்டா பண்ணாதே!”

மகன் ‘சும்மா’வுக்குக் கன்னட ‘சும்னே’ போட்டுக் கத்த, கடையே திரும்பிப் பார்த்தது.

எப்படிச் சொல்வேன்? அண்ணன்கள் இறந்தபோது, கல்யாண குரூப் போட்டோவில் முகத்தை வெட்டிப் பெரிதாக்கி மாலை போட்டோம். கண், மூக்கு மங்கி, யாரோ மாதிரி சுவரில் தொங்குகிறார்கள். ஊர் சுற்றக் கிளம்பும்போது இதை வாய்விட்டுச் சொல்லலாமா?

“யாரை அவ்ளோ கிட்ட எடுக்கப் போறே?”

“உன் அத்தையை. அவளும் நாளைக்கு வர்றாளே.”

மகன் அகல லென்ஸைக் கீழே வைத்துவிட்டான்.

உங்கள் வீட்டுச் சுவரில் முகங்கள் தெளிவா? எனக்கு மூத்தவர்களில் இனி மிச்சம் மங்கம்மா அக்கா ஒருத்திதான்.