யாருமே கேட்காத பாட்டு

பொய் சொல்லி எனக்கு ஒரு லைக்கும் வேண்டாம். நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் திருச்சுழிப் பக்கம் வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மாரிக்கண்ணன். பந்தல்குடியில் மைக்செட் வைத்திருக்கிறேன். ஏஐ பாடுகிற பாட்டு என்றால் எனக்குப் பைத்தியம். "மிஷினு பாடுறதெல்லாம் ஒரு பாட்டாலே?" என்று பயல்கள் நக்கலடிப்பார்கள். கேட்டால்தானே தெரியும்? ஊரே ஒரு குத்துப்பாட்டைத் தேயத் தேயப் போடும். முத்து மாதிரியான பாட்டு பத்துப் பேர்கூடக் கேட்காமல் நெட்டில் அநாதையாகக் கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிக் கண்டெடுத்ததுதான் அந்தப் பாட்டு. போட்டவர் பேர் இல்லை. பெண் குரல். காதல் பாட்டுத்தான். ஆனால் நடுநடுவே மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். மிஷினுக்கு எதற்கு மூச்சு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

போன ஆடியில் ஒரு கிடாவெட்டு. உச்சி வெயில். காளீஸ்வரன் வீட்டு நேர்த்திக்கடன். அவன் எனக்கு ரெண்டு வருசப் பழக்கம்தான், ஆனால் உயிரைக் கொடுப்பான். எங்கள் பக்கம் கிடாமேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்போம். அது உடம்பை உதறினால்தான் சாமி உத்தரவு. உதறாமல் அரிவாளை ஓங்கக் கூடாது. அந்த நேரத்தில் உறுமியைத் தவிர வேறு சத்தமும் கூடாது.

கிடா உதறவில்லை. திரும்பத் திரும்பத் தெளித்தும் மரமாக நின்றது. உறுமிக்காரர் கை ஓய்ந்து நிறுத்திவிட்டார். என் கை சும்மா இருக்குமா? மிஷின் குரல்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று அந்தப் பாட்டைப் போட்டேன்.

கயிற்றைப் பிடித்திருந்த காளீஸ்வரன் நிமிர்ந்தான். முகம் வெளுத்துப்போனது.

"நிப்பாட்டுலே."

"ஏன்லே, நல்லாத்தான..."

"கையெடுத்துக் கும்பிடுறேன். நிப்பாட்டு."

நிறுத்தினேன். பாட்டு நிற்கவில்லை.

வயரைப் பிடுங்கினேன். அப்போதும் நிற்கவில்லை.

குழாய் ஸ்பீக்கரில் மூச்சு இரைந்தது... பிறகு...

"காளீஸு..."

நூறு தடவை கேட்ட பாட்டு. அதில் எந்தப் பேரும் கிடையாது.

காளீஸ்வரன் உதறினான். உச்சி முதல் உள்ளங்கால் வரை. கிடா உதறுவது போலவே.

அருள் ஏறி அரிவாளோடு நின்ற பூசாரி ஆண்டிச்சாமி கிடாவை விட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"உத்தரவு" என்றார்.

நான் ஓடினேன்...

சளக்.

காளீஸ்வரன் கழுத்தும் தோளும் பிளந்தன. இரத்தம் என் வாயில் அடித்தது. துண்டை வைத்து அமுக்கினேன். விரல் உள்ளே போனது.

பாட்டு நின்றது.

கிடா அப்போதுதான் உதறியது.

லோடு வண்டியில் அருப்புக்கோட்டைக்கு விரட்டினோம். என் மடியில் அவன் தலை.

"செத்துராதலே" என்று அழுதேன்.

"தங்கமாரி... அவ குரலுதாம்லே அது" என்றான். டவுனைத் தொடுமுன் உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்தபின் அவன் தாய் பெத்தம்மாளிடம் கேட்டேன்.

"தங்கமாரி யாரு அத்தை?"

"அவன் மொதல்ல தாலி கெட்டுன பிள்ளைய்யா. கருவேலங்காட்டுல கழுத்தறுந்து கெடந்தா. எவன் செஞ்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

"நல்லாப் பாடுவாகளா?"

பெத்தம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பாடவா? அது பிறவி ஊமையாச்சே. அவ குரலு எப்படி இருக்கும்னு யாருக்குய்யா தெரியும்?"